தம்பியின் மெழுகு பிளாக்

முப்பத்து நான்கு ஆண்டுகள் சேலத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் ஆய்வகத்தில் மனிதச் சதையை மெழுகில் பதித்து வெட்டிக்கொண்டிருந்தேன். பணி ஓய்வு விழாவில் பேசியவர்கள் என்னைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்காமல் ஒரு வாரம் கழித்ததில்லை. பாட்டிலில் நோயாளியின் பெயரை எழுதாமல் அனுப்புகிறவர்கள், பெயரை மூடியில் எழுதி மூடியை மாற்றிப் போடுகிறவர்கள், பாட்டில் போதவில்லை என்று இரண்டு பேருடைய துண்டுகளை ஒன்றாகப் போட்டு அனுப்பிய ஒரு மகானுபாவர், எல்லோரையும் பார்த்துவிட்டேன். அத்தனையையும் தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதினேன். அதனால் அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

வேலை இதுதான். அறுவை அறையிலிருந்து சதைத் துண்டு பார்மலின் நிறைந்த பாட்டிலில் வரும். உடலை விட்டு வந்த சதை அந்த நிமிடமே சிதையத் தொடங்கும். அதைத் தடுத்து, இருந்ததை இருந்தபடி பிடித்து வைப்பது பார்மலின். பிறகு சதையிலுள்ள நீரை எடுத்துவிட்டு, உருக்கிய மெழுகை உள்ளே ஏற்றி, சின்னக் கட்டியாக வார்ப்போம். அதற்கு பிளாக் என்று பெயர். பிளாக்கைத் தலைமுடியை விட மெல்லிய ஏடுகளாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுத்தால் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் புற்றா இல்லையா என்று கையெழுத்துப் போடுவார். கையெழுத்து அவருடையது, ஏடு என்னுடையது. கிழிந்த ஏட்டின் மேல் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பது எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். நல்ல டாக்டர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்வார்கள்.

என் தம்பி மல்லசமுத்திரம் பக்கம் முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். கோழிக்குச் சளி பிடித்தால் அரை மணி நேரத்தில் டாக்டரைக் கூப்பிடுகிறவன், தன் நெஞ்செரிச்சலுக்குப் பத்து வருடமாக மருந்துக்கடையில் இளஞ்சிவப்பு மருந்து வாங்கி பாட்டிலோடு குடித்துக்கொண்டிருந்தான். எதுக்களிப்பு எங்கள் குடும்பச் சொத்து என்று பெருமையாகச் சொல்வான். போன வருடம் சோறு நெஞ்சிலேயே நிற்கிறது என்றான். பிறகு இட்லியும் நின்றது. குழாய் விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் புற்று. சேலத்தில் ஒரு தனியார் ஆய்வகம் சதையைப் பார்த்து உறுதி செய்தது. மூன்று சுற்று கீமோ கொடுத்தார்கள். தலைமுடி போயிற்று, மீசை போயிற்று. புற்று மட்டும் போகவில்லை. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் மார்புக்குள் நெறிக்கட்டிகளும் கல்லீரலில் இரண்டு புள்ளிகளும் புதிதாகத் தெரிந்தன.

அதன்பின்தான் இப்போதைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். புற்றுநோய் மருத்துவம் படித்த பெண். வயதில் என் மகளை விடக் கொஞ்சம் பெரியவர். பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, "ஹெர்-2 பார்க்கவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

தம்பிக்குப் புரியும்படி அவர் சொன்னதை எழுதுகிறேன். செல்லின் மேற்புறத்தில் ஹெர்-2 என்றொரு புரதம் இருக்கிறது. வளரச் சொல்லும் செய்தியை செல்லுக்குள் அனுப்புவது அதன் வேலை. எல்லோருடைய செல்லிலும் அது கொஞ்சம் உண்டு. சிலருடைய புற்றில் அது வரம்பு மீறி முளைத்துவிடும். அப்போது செய்தி ஓயாமல் உள்ளே போகும். செல் பெருகும், கிளம்பும், வேறிடத்தில் போய்க் குடியேறும். கீமோ மருந்து அந்த செல்லைக் காயப்படுத்தினாலும் சாகாதே என்கிற செய்தியும் அதே வழியில் போவதால் அது தாங்கிக்கொள்ளக்கூடும்.

"இதுதான் காரணம்னு நான் சொல்லலை. மருந்து கேக்காம போறதுக்கு வேற புரதங்களும் இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா இதுக்கு மட்டும் நம்ம கையில மருந்து இருக்கு. அந்தப் புரதத்தையே போய்ப் பிடிக்கும். இருந்தா உங்களுக்குக் குடுக்கலாம். இல்லைன்னா குடுத்துப் பிரயோஜனமில்லை."

தம்பி யோசித்தான். "அப்போ அது இருக்கறது கெட்டதுங்களா நல்லதுங்களா?"

"ரெண்டும்," என்றார்.

விழுங்க வழி செய்வதற்காக உணவுக்குழாயில் ஒரு கம்பிவலைக் குழாய் வைக்க வேண்டியிருந்தது. அப்போதே புதிதாகச் சதை எடுத்துவிடலாம், கீமோவுக்குப் பிறகு புற்று எப்படி மாறியிருக்கிறது என்றும் தெரியும் என்றார் டாக்டர். அந்த மருத்துவமனையில் புரதச் சோதனை கிடையாது. எங்கள் ஊர் வழக்கப்படி பாட்டிலை வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சதை எடுத்த அன்று நான் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். தம்பி பெண்டாட்டியிடம் போனில், "பாட்டிலைப் பத்திரமா கொண்டு போய்க் குடு, சாமி," என்றேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் அடுத்தவர்களுக்குப் பக்கம் பக்கமாக விதிமுறை எழுதிய நான், சொந்தத் தம்பியின் சதைக்குச் சொன்ன விதிமுறை அந்த ஒரு சொல்தான். பத்திரமா.

ஐந்தாம் நாள் அறிக்கை வந்தது. சதை சிதைந்துள்ளது, புரதத்தின் அளவைக் கணிக்க இயலாது, புதிய மாதிரி தேவை. நான் அப்போது சேலம் திரும்பியிருந்தேன். அடுத்த பஸ்ஸில் மல்லசமுத்திரம் போனேன். தம்பி பண்ணை ஆபீஸில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, தொலைக்காட்சியில் முட்டை விலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டிலை என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலீங்க நங்கை. பத்திரமாத்தான் கொண்டுபோய்க் குடுத்தோம்," என்றாள் அவள். எங்கள் பக்கம் புருஷனின் அக்கா நங்கை.

"உள்ள தண்ணி மாதிரி இருந்துச்சே, அது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பிதான் வாயைத் திறந்தான்.

"அதைக் கொட்டிட்டு ஐஸ்ல வெக்கச் சொன்னேனுங்கக்கா."

"ஆரு சொன்னது?"

"ஆரு சொல்லோணும்? இருவது வருசமா அனுப்பறனே. கோழி செத்தா ஈரலை எடுத்து ஐஸ் பெட்டியில வெச்சு நாமக்கல் லேப்புக்கு அனுப்பறோம். மருந்துல போட்டா கிருமி செத்துப்போயிரும், லேப்ல ஒண்ணும் தெரியாதுன்னு திருப்பி அனுப்பிருவாங்க. ஒருக்கா எனக்கே திருப்பி அனுப்புனாங்க. எதுவா இருந்தாலும் சதை சதைதானுங்களே?"

நடந்தது இதுதான். சதை எடுத்ததும் தம்பிக்கு ரத்தக்கசிவு வந்து, அன்று முழுவதும் படுக்கையில் வைத்துவிட்டார்கள். படுத்தபடியே கட்டளை போட்டிருக்கிறான். பண்ணைக் கார் டிக்கியில் தெர்மோகோல் பெட்டி எப்போதும் இருக்கும். அவள் பார்மலினை ஆஸ்பத்திரி வாஷ்பேசினில் கொட்டி, பாட்டிலை இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவி, ஐஸில் புதைத்திருக்கிறாள். ஆய்வகம் சாத்திவிட்டதால் இரவு முழுவதும் பெட்டி பண்ணையின் தடுப்பூசி பிரிட்ஜில் இருந்திருக்கிறது. மறுநாள் மதியம் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொண்டவர்களும் பாட்டிலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

கோழிக்கு அவன் சொன்னது முழுக்கச் சரி. கோழி ஆய்வகத்துக்கு உயிரோடு கிருமி வேண்டும். எங்களுக்குச் செத்தும் உருமாறாத சதை வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். பிறகு, "அக்கா, எம்மேல தப்புங்களா?" என்று கேட்டான்.

"எல்லாரு மேலயும்தான்," என்றேன். "கோழிக்குன்னா உனக்கு முதல் பரிசு குடுத்துருப்பாங்க."

அவன் சிரித்தான். அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை. "மறுக்கா எடுக்கலாமுங்களா நங்கை?" என்றாள்.

எடுக்க முடியாது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: ரத்தம் கசிந்த இடம், மேலே கம்பிவலைக் குழாய் உட்கார்ந்திருக்கிறது, சில வாரங்களுக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது. கல்லீரல் புள்ளிகளும் ஊசி எட்டாத இடத்தில் இருந்தன. சில வாரங்கள் காத்திருந்தால், கேட்காத கீமோவோடுதான் காத்திருக்க வேண்டும். இரண்டே மாதத்தில் கல்லீரல் வரை வந்த புற்றுக்குச் சில வாரம் நிறைய அவகாசம். இதை அவளிடம் சொல்லவில்லை. "பழைய பிளாக் இருக்கும். அதை வாங்கறேன்," என்று மட்டும் சொன்னேன்.

முதன்முதலில் புற்றை உறுதி செய்த தனியார் ஆய்வகத்தில்தான் அந்தப் பிளாக் இருக்க வேண்டும். பிளாக்குகளைப் பல வருடங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விதி இருப்பதாலேயே பொருளும் இருக்கும் என்று நம்புகிற அளவுக்கு நான் வெகுளி இல்லை. மறுநாள் காலை தம்பி கையெழுத்திட்ட விண்ணப்பம், அவனுடைய அடையாள அட்டை நகல், பழைய அறிக்கையின் நகல், டாக்டரின் கடிதம், பிளாக்கைப் பெற்றுக்கொண்டதற்கு நானே தயாரித்த ரசீது, எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்துக்கொண்டு போனேன். கைப்பையில் விசேஷப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகடுகள் ஒரு பெட்டியும் இருந்தன. என் பழைய ஆய்வகத்தில் கேட்டு வாங்கியவை. அங்கே இன்னும் எனக்குப் பயப்படுகிறார்கள்.

கவுன்ட்டரில் இருந்தவர் கோப்பைத் தொடவே இல்லை. "பிளாக் எல்லாம் வெளிய குடுக்கறதில்லைங்கம்மா," என்றார்.

"எந்த விதியிலீங்க?"

"எங்க பாலிசிங்கம்மா."

"எழுதிக் குடுங்க. 'நோயாளி கேட்டும் குடுக்க மறுக்கிறோம்'னு ஒரு வரி. தேதி, நேரம், உங்க கையெழுத்து, சீல். பேனா வேணுங்களா?"

அவர் உள்ளே போய்விட்டு வந்தார். அவருடன் மேலாளர் வந்தார். மேலாளர் கோப்பைப் புரட்டி, ரசீது வரைக்கும் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எங்க வேலை பார்த்தீங்கம்மா?" என்றார். சொன்னேன். அதன்பின் நாற்காலி வந்தது, டீ வந்தது. பிளாக் வர மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதைக் கொண்டுவந்தவர் அங்கே மெழுகு வேலை பார்க்கும் ஆய்வக நுட்புநர். சேலம் டவுன்காரர், தலையில் முக்காடு, நாற்பதுக்கு மேல் வயது. பிளாக்கை டிஷ்யூ தாளில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்தப் பிடியைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி.

"இத மொட்டை மாடி ரூம்லதான் வெச்சிருந்தாங்க மேடம். மேல தகரக் கூரை. சித்திரையில மெழுகு இளகிரும்னு பெட்டியெல்லாம் நானே இறக்கி ஏசி ரூம் பீரோக்குப் பின்னால வெச்சேன். அதான் தேட நேரமாச்சு. பீரோவை நகத்த ஆள் வரணும்ல."

"ஆரு சொல்லி இறக்குனீங்க?"

"யாரும் சொல்லல."

பேரேட்டில் ஏறாத அந்த ஒரு வேலை இல்லாவிட்டால், என் கோப்பில் இருந்த அத்தனை காகிதமும் கடலை மடிக்கத்தான் உதவியிருக்கும். அதை அவரிடம் சொன்னேன். என் வாழ்நாளில் நான் ஒருவரை நேருக்கு நேர் பாராட்டியது மூன்று அல்லது நான்கு முறை இருக்கும். அதில் இது ஒன்று.

பிளாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏற்கெனவே பலமுறை சீவியிருந்தார்கள். மெழுகுக்குள் சதை வெங்காயத் தோல் அளவுக்குத்தான் மிச்சம். அடியில் வெறும் மெழுகு. இதை அப்படியே புரதச் சோதனை செய்யும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், அவர்கள் தங்கள் இயந்திரத்தில் மாட்டி பிளாக்கின் முகத்தைச் சமப்படுத்துவதற்குள் பத்து ஏடு வீணாகும். பத்து ஏடு அதில் இருக்கிறதா என்பதே சந்தேகம். முதலில் வெட்டிய இயந்திரத்திலேயே, முதலில் வெட்டிய கோணத்திலேயே வெட்டினால் வீணாவது குறையும். அதற்காகத்தான் தகடுகளை எடுத்து வந்திருந்தேன். சாதாரணத் தகட்டில் ஒட்டினால் பின்னால் தகட்டை பிரஷர் குக்கரில் வேகவைக்கும்போது ஏடு பெயர்ந்து போய்விடும்.

இங்கேயே வெட்டித் தரச் சொன்னேன். நுட்புநர் புரிந்துகொண்டார். மேலாளரும் ஒப்புக்கொண்டார். என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் வழி அதுதான் என்று நினைத்திருப்பார். பிளாக்கை ஐஸ் தட்டில் முகம் குப்புற வைத்துக் குளிர வைத்தோம். குளிர்ந்த மெழுகுதான் வெட்டுக்கு நிற்கும். நுட்புநர் இயந்திரத்தின் முன்னாலிருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே வெட்டுங்க மேடம். எனக்குப் பயமா இருக்கு. போச்சுன்னா போச்சு."

விதிப்படி வெளியாள் இயந்திரத்தைத் தொடக்கூடாது. நானே ஒருவரிடம் அதற்காக எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று விதி ஞாபகத்துக்கு வரவில்லை. கையை நீட்டிப் பார்த்தேன். நாலு வருடமாக வெண்டைக்காய் தவிர வேறொன்றும் வெட்டாத கை. அதோடு, வெட்டப் போவது தம்பி.

"நீங்க வெட்டுங்க," என்றேன். "நான் ஊதறேன்."

வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. வறண்ட, மெல்லிய பிளாக்கை வெட்டும்போது ஏடு சுருண்டு நொறுங்கும். கத்தி இறங்குவதற்குச் சற்று முன் பிளாக்கின் முகத்தில் வாயால் இதமாக ஹா என்று ஊதினால், மூச்சின் ஈரத்தில் மெழுகு கொஞ்சம் இளகி ஏடு நீளமாக வரும். எந்த விதிமுறைப் புத்தகத்திலும் இது இல்லை. நான் எழுதிய புத்தகத்திலும் இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வார்கள், ஆய்வுக்கு மேலதிகாரி வரும்போது மட்டும் செய்யமாட்டார்கள்.

முதல் சுற்றில் ஏடு கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. நுட்புநர் கையை எடுத்துவிட்டு, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார். மூன்றாவது சுற்றுக்குச் சக்கரத்தை மெதுவாகத் திருப்பினார். நான் ஊதினேன். கத்தியின் ஓரத்தில் ஒரு ஏடு விரிந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டபோது சதை ஒரு சின்ன மேகக் கீற்றுப் போலத் தெரிந்தது. ஐந்து ஏடுகள் கிடைத்தன. ஆறாவதில் வெறும் மெழுகு.

"போதுமா மேடம்?" என்றார்.

சோதனைக்கு ஒன்று, சரிபார்க்க ஒன்று, கைகாவலுக்கு மூன்று. "தாராளம்," என்றேன். இரண்டு பேரும் அதுவரை மூச்சு விட்டிருந்தோமா என்று தெரியவில்லை. நான் விட்டதெல்லாம் பிளாக்கின் மேல்தான்.

அதே நாள் மதியம் தகடுகளைப் புரதச் சோதனை ஆய்வகத்தில் கொடுத்தேன். முந்தைய பாட்டிலை எட்டிப் பார்க்காமல் வாங்கியவர்கள் அவர்கள்தான். இந்த முறை தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, எண்ணை இரண்டு முறை சரிபார்த்து வாங்கினார்கள். எதிரே நான் நின்றிருந்தது காரணமாக இருக்கலாம். பார்மலினில் ஊறிய சதையில் புரதம் முடங்கிக் கிடக்கும். தகடுகளைக் கரைசலில் போட்டு பிரஷர் குக்கரில் வேகவைத்தால்தான் அது அவிழ்ந்து, தேடிவரும் சாயத்துக்குப் பிடி கொடுக்கும். ஆமாம், நம் அடுப்படியில் பருப்பு வேகும் அதே குக்கர்தான். எத்தனை நிமிடம் என்று கேட்டேன். சொன்னார்கள். சரியாக இருந்தது. தம்பியின் ஏட்டோடு, புரதம் நிச்சயமாக இருப்பதாகத் தெரிந்த வேறொரு சதையும் ஒரே தகட்டில் போகிறதா என்று கேட்டேன். அது நிறமேறினால்தான் சாயம் வேலை செய்தது என்று அர்த்தம். போகிறது என்றார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லாமல் போனது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

முடிவு வந்த அன்று அந்த ஆய்வகத்துக்குத் தம்பியையும் கூட்டிப் போயிருந்தேன். அவனைக் கீழே வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு மேலே போனேன். அங்கே தகடு பார்க்கும் டாக்டர் என் பழைய ஆய்வகத்தில் பயிற்சி எடுத்தவர். மைக்ரோஸ்கோப்பின் எதிர்ப் பக்கத்தில் இன்னொருவர் பார்ப்பதற்காக இருக்கும் கண்ணாடியைக் காட்டி, "பாருங்கம்மா," என்றார்.

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு வளையம். அழுத்தமாக, விட்டுப்போகாமல், கோழிவலைக் கம்பி மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. ஏட்டில் ஒரு மடிப்பு இல்லை, ஒரு கிழிசல் இல்லை. என் தம்பியின் கல்லீரல் வரை போன சனியன் அது. ஆனால் நான் பார்த்த ஏடுகளிலேயே அழகான ஏடுகளில் ஒன்றாகவும் அது இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடிந்ததற்கு என் தொழிலைத்தான் குறை சொல்ல வேண்டும்.

"மூணு ப்ளஸ்," என்றார் டாக்டர். அந்த அளவுகோலில் அதுதான் உச்சம்.

கீழே வந்தேன். தம்பி எழுந்து நின்றான்.

"என்னாச்சுங்கக்கா?"

"உன் டாக்டர் சொல்லுவாங்க."

"உங்களுக்குத் தெரியுமல்லோ?"

"தெரியும். நான் சொல்லக்கூடாது. அது முறையில்லை."

"உங்க முறையைத் தூக்கிக் குப்பையில போடுங்க. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

"என்ன தெரியுது?"

"எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்தப்ப நீங்க இப்படித்தான் நின்னீங்க. மாவட்டத்துல ரெண்டாவதுன்னு சொல்றதுக்கு முன்னால."

அவனுக்கு அப்போது எட்டு வயது. அது நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நான் மூன்றாவது. திருத்தினேன்.

அடுத்த வாரமே புதிய மருந்து தொடங்கியது. கீமோவும் கூடவே உண்டு. துணைக்கு இது இருந்தால் கீமோவும் கேட்கும் என்பது கணக்கு. புதிய மருந்தின் நாலாவது சுற்றுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கல்லீரல் புள்ளிகளில் ஒன்று காணவில்லை, மற்றது சுருங்கியிருந்தது. நெறிக்கட்டிகள் பாதியாகிவிட்டன. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டதற்கு, "தெரியாது. கேக்கற வரைக்கும் குடுப்போம்," என்றார். பொய் சொல்லாத டாக்டர் கிடைப்பதும் ஒரு மருந்துதான்.

தம்பிக்கு மட்டும் இந்த நிதானம் இல்லை. மருந்து ஏற்றும் அறையில் நாற்காலிகள் வரிசையாக இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே ஆட்கள்தான் வருவார்கள். தம்பி அங்கே தன் புற்றை சந்தையில் மேச்சேரிக் கிடாய்க்கு விலை சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருப்பான். "எனக்கு மூணு ப்ளஸ்ஸுங்க. அதுக்கு மேல கிடையாதாமாங்க. சாமானியத்துல கெடைக்காதாமா. எங்கக்காவே வெட்டிக் கண்டுபுடிச்சது." நான் வெட்டவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். அவனும் ஒவ்வொரு முறையும் என்னை வெட்ட வைப்பான்.

ஐந்தாவது சுற்றின்போது பக்கத்து நாற்காலியில் நாமகிரிப்பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். தம்பிக்கு வந்த அதே இடத்தில் அவருக்கும் வந்திருந்தது. தம்பி தன் மூணு ப்ளஸ்ஸைச் சொல்லி முடித்துவிட்டு, "உங்களுக்கு எத்தனைங்க?" என்று கேட்டான்.

"எனக்கு சைபருங்க," என்றார் அவர்.

தம்பிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்த மருந்து அவருக்குக் கிடையாது. பேச்சை மாற்ற, மஞ்சள் விலை கேட்டான். அவர் விலையைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இவுங்களுக்கு முதல்ல தப்பா வந்துதுன்னாங்க. எனக்கும் அப்படி இருக்குமுங்களா? பாட்டில்ல தண்ணி இருந்துச்சான்னு நான் பாக்கவே இல்லீங்க. எம் மச்சான்தான் கொண்டுபோனான்."

அவர் மடியில் கோப்பு இருந்தது. இந்த ஒன்றைக் கேட்பதற்காகவே கொண்டுவந்திருப்பார் போலிருக்கிறது. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிக்கையை முதல் வரியிலிருந்து படித்தேன். சதை எடுத்த நேரம் இருந்தது. பார்மலினில் போட்ட நேரம் இருந்தது. எத்தனை மணி நேரம் ஊறியது என்று இருந்தது. சதை போதுமான அளவு, சிதைவு இல்லை. கூடவே வைத்த சரிபார்ப்புச் சதை நன்றாக நிறமேறியது. கீழே கையெழுத்து, எண், தேதி. இரண்டாவது முறையும் படித்தேன். ஒரு ஓட்டையாவது கிடைக்காதா என்று தேடியே படித்தேன். கிடைக்கவில்லை.

எதையாவது சொல்லி வைத்திருக்கலாம். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்வது எளிது, கேட்பவருக்கும் இனிக்கும்.

"எல்லாம் முறையாச் செஞ்சிருக்காங்க," என்றேன். "உங்க மச்சான் பாட்டிலைச் சரியாத்தான் கொண்டுபோயிருக்காரு. இந்த முடிவை நம்பலாமுங்க."

அவர் அறிக்கையை வாங்கிக் கோப்பில் செருகினார். தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பச் சரிங்க," என்றார் அவர். "மூணு மாசமா மச்சானைத் திட்டிக்கிட்டே இருந்தனுங்க. சாயந்திரம் கூப்பிட்டுச் சொல்லோணும்."